‘சொந்தம்’ என்பதைக் ‘கூலி’ என்று திருத்தக் கோரி

ஐயா,

உங்கள் மேல்முறையீட்டுப் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்துக்கு நான்கு கோடுகள்தான் விட்டிருக்கிறீர்கள். என் கையெழுத்து கொஞ்சம் பெரியது. அதனால் தனித்தாளில் எழுதி இணைக்கிறேன். கவுன்டரில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன். இணைக்கலாம், பக்க எண் மட்டும் போட்டுவிட வேண்டும் என்றார். போட்டிருக்கிறேன்.

இது என் மூன்றாவது மனு. முதல் இரண்டையும் தள்ளிவிட்டீர்கள். இரண்டாவதற்கு அனுப்பிய பதிலில், ‘மனுதாரர் படகு உரிமையாளரின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்பதற்கு ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் அல்ல. ஆதாரம் கையில் இருந்தும் இரண்டு முறையும் அதை எழுதாமல் விட்டேனே என்று என் மேல்தான். இந்த முறை எழுதுகிறேன்.

உங்களிடம் நூற்றுக்கணக்கான படகுகள் வந்து போயிருக்கும். எங்கள் படகு உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை. இரும்புப் படகு, மேலே வெள்ளை, கீழே நீலம். இடது பக்கம் துறைச்சுவரில் உரசி உரசிப் பெயின்ட் போன ஒரு நீளத் தழும்பு இருக்கும். கடலில் மீன் குறைந்துவிட்டது, படகு கூடிவிட்டது, விரும்பிப் படகை உடைக்கக் கொடுப்பவர்களுக்கு இழப்பீடு தருகிறோம் என்று அரசாங்கம் அறிவித்ததும் முதல் ஆளாக விண்ணப்பம் கொடுத்தது எங்கள் முதலாளிதான். உரிமையாளருக்கு ஒரு பெருந்தொகை. படகோடு சேர்த்து வேலையும் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு நிவாரணம். நல்ல திட்டம். விதிமுறைப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதலாளி என்று சொன்னேன். அவர் என் தங்கையின் கணவர். நான் அவர் படகில் இருபத்து மூன்று வருடம் இன்ஜின் டிரைவராக இருந்தேன். அந்த இன்ஜின் ஒரு முரடு. காலையில் அதைக் கிளப்புவதற்கு முன் எந்த வால்வை எவ்வளவு திறக்க வேண்டும், எந்த இடத்தில் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் படகு கரையிலேயே கிடக்கும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலை செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்குச் சம்பளம் கிடையாது. மீன் விற்று முடிந்ததும் மாப்பிள்ளை சுக்கான் அறையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பங்கு கொடுப்பார். வலை இழுப்பவர்கள், சமையல்காரர், ஐஸ்காரர் எல்லாரும் வாங்கி, எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டே வெளியே வருவார்கள். என் முறை வந்ததும் அவர் எழுந்து என் தோளில் கை போடுவார்.

“நமக்குள்ள என்ன மச்சான் கணக்கு? உனக்கு இல்லாததா?”

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள், யாரிடமாவது பேசியும் இருப்பீர்கள். ‘உனக்கு இல்லாததா’ என்று சொல்லிவிட்டவர் அதன்பிறகு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. மேற்கொண்டு வாயைத் திறந்தால் கேட்கிறவன்தான் அற்பன்.

அவர் கெட்டவர் இல்லை. காவல்துறையிலும் இதைத்தான் சொன்னேன், அது உண்மை. என் மகளின் கல்லூரிக் கட்டணத்தை நான்கு வருடமும் அவர்தான் கட்டினார். என்னிடம் பணத்தைக் கொடுத்து நான் போய்க் கட்டியிருக்கலாம். அப்படி அவருக்குத் தோன்றாது. தானே போவார், தானே கட்டுவார், தன் பெயரில் ரசீது வாங்கிக்கொண்டு வந்து என் தங்கையிடம் கொடுப்பார். பட்டம் வாங்கிய அன்று என் மகள் “மாமா இல்லேன்னா நான் படிச்சிருக்கவே முடியாது” என்று எல்லார் எதிரிலும் அழுதாள். நானும் கைதட்டினேன். நாலாயிரம் முறை அந்த இன்ஜினைக் கிளப்பியவன் நான். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, என் மகளுக்கும்தான்.

என் மனைவியின் அறுவை சிகிச்சைக்கும் அவர்தான் கட்டினார். அவள் பிழைக்கவில்லை. மருத்துவமனையில் நர்ஸ் என்னிடம் வந்து, அவர் யார், உங்களுக்கு இப்படிச் செய்கிறாரே, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார். மனைவியின் உடல் உள்ளே கிடக்கிறது, நான் கொடுத்து வைத்தவனாம். அதற்குப் பிறகு மாப்பிள்ளை என்னைத் தன் வீட்டு மாடி அறைக்கு அழைத்துக்கொண்டார். சாப்பாடு தங்கை கையால். சட்டை அவர் எடுத்துக் கொடுப்பது. எனக்குப் பிடிக்காத நிறமாக இருந்தாலும் அளவு சரியாக இருக்கும்.

நிவாரணம் பற்றி அறிவிப்பு வந்தபோது, ஐயா, நான் முதன்முறையாக ஒரு கணக்குப் போட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஷட்டர் கடை காலியாக இருந்தது. தரையில் கிரீஸ் கறை, சுவரில் யாரோ அடித்த ஆணிகள், ஒரு மூலையில் தண்ணீர்க் குழாய். அங்கே ஒரு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை போடலாம். டயர்கடைக்காரர்தான் அதற்கும் உரிமையாளர். மாதக் கடைசி வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார். நான் தினமும் அந்த வழியாக நடந்து போய் ஷட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். நாற்பத்தொன்பது வயதில் என் பையில் எனக்கென்று ஒரு சாவி இருந்ததில்லை.

பெயர்ப்பட்டியலை உங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டினீர்கள். எங்கள் படகின் தாளில் ஐஸ்காரர் பெயர் முதலில் இருந்தது. சமையல்காரர் இருந்தார். வருடத்தில் பாதி நாள் குடித்துவிட்டு வராத வலைக்காரர்கூட இருந்தார். நான் மேலிருந்து கீழ் மூன்று முறையும் கீழிருந்து மேல் ஒரு முறையும் படித்தேன். பிறகு உள்ளே போய்க் கேட்டேன். கவுன்டர் அம்மா கணினியில் பார்த்தார்.

“உங்க பேருக்கு நேரா ‘சொந்தம்’னு இருக்கே. நீங்க ஓனர் குடும்பம். கூலிக்காரங்களுக்குத்தாங்க இது.”

“இருபத்து மூணு வருஷம் வேலை பார்த்திருக்கேம்மா.”

“சொந்தப் படகுல பார்த்திருக்கீங்க. அப்ப உங்களுக்குத்தான் பெரிய தொகை வருமே, இதுக்கு ஏன் வந்து நிக்கிறீங்க?”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேராசைக்காரனைப் பார்த்துச் சிரிப்பது போல.

படகின் ஆள் பதிவேட்டில் ‘சொந்தம் / கூலி’ என்று ஒரு பத்தி இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். உறவுக்காரனும் சொந்தம், ஒருவன் விலை கொடுத்து வாங்கிய பொருளும் அவனுக்குச் சொந்தம். என் விஷயத்தில் எது என்று யாரும் கேட்கவில்லை. அந்த எழுத்து மனுதாரருடைய கையெழுத்தே என்று உங்கள் முதல் பதிலில் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். ஆமாம், என்னுடையதுதான். மாப்பிள்ளைக்கு எழுத்து வேலை வராது, முதல் வருடத்திலிருந்து பதிவேடு எழுதியவன் நான். பின்னால் வந்து சேர்ந்த ஐஸ்காரருக்கு நேராகக் ‘கூலி’ என்று எழுதினேன். என் பெயருக்கு நேராக எழுதும்போது இருபத்தாறு வயது. தங்கைக்குக் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம். கொஞ்சம் அழுத்தமாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன்.

படகு உடைவதற்கு முன்னால் பட்டியலைத் திருத்தலாம், உரிமையாளர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று விதி இருந்தது. அன்று மதியமே மாப்பிள்ளையிடம் போனேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, நான் உங்ககிட்ட கூலிக்கு வேலை பார்த்தேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏய், இங்க வந்து கேளு. உங்க அண்ணன் நம்ம வீட்டுக் கூலிக்காரனாம்!”

தங்கை ஈரக்கையோடு வந்தாள். அவளும் சிரித்தாள்.

“என்னண்ணே இது. நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவாங்க?”

“அதான்” என்றார் அவர். “மச்சானைக் கூலிக்கு வெச்சிருந்தான்னு என் மூஞ்சில காறித் துப்புவாங்க. என் மானம் போயிடும் மச்சான். அந்தக் காசு வாங்கற நிலைமையிலயா உன்னை வெச்சிருக்கேன்? உனக்கு இல்லாததா?”

நான் மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அன்று என் விரலை நானே கடித்துக்கொண்டேன், தோல் பிய்ந்தது.

இங்கே எங்கள் வேலைமுறை ஒன்றை விளக்க வேண்டும். படகில் மீனும் ஐஸும் அடுக்கும் அறை தளத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே ஒரு கனத்த மூடி, உள்ளே இறங்க ஏணி. அந்த அறையை நாள்கணக்கில் மூடி வைத்திருந்தால், அடியில் தேங்கிய மீன்கழிவுத் தண்ணீர் அழுகி உள்ளே இருக்கும் காற்று கெட்டுவிடும். இறங்குகிறவன் இரண்டு மூச்சுக்கு மேல் தாங்க மாட்டான். அதனால் மூடியைத் திறந்ததும் நான் இன்ஜின் அறையிலிருந்து பெரிய விசிறியை இழுத்து வந்து, தடித்த குழாயை உள்ளே விட்டு, அரைமணி நேரம் ஓட்டுவேன். பிறகு இறங்கப் போகிறவர் என்னைப் பார்த்து “காத்து ஏறியாச்சா?” என்று கேட்பார். நான் “ஏறியாச்சு” என்பேன். அதற்குப் பிறகுதான் ஏணியில் கால் வைப்பார்கள். எங்கள் படகில் என் சொல் இல்லாமல் ஒருவரும் இறங்கியதில்லை. முதலாளியும் அப்படித்தான். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு மரியாதை இருந்தது.

விண்ணப்பம் கொடுத்த படகு அதன்பிறகு கடலுக்குப் போகக்கூடாது என்பது உங்கள் விதி. கடைசியாக வந்து நின்ற அன்று அடித்தண்ணீரைப் பம்ப் போட்டு வெளியேற்ற வேண்டியது என் வேலை. போடவில்லை. அப்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை, சத்தியமாக. உடைக்கப் போகிற படகைக் கழுவி என்ன ஆகப் போகிறது என்று மூடியை மட்டும் இறுக்கிவிட்டு வந்தேன். படகு ஆறு வாரம் வெயிலில் அப்படியே கிடந்தது.

உடைக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய மனுக்களில் இதைச் சேர்க்கவில்லை, தேவையில்லை என்று நினைத்தேன். டயர்கடைக்காரரிடம், பணம் கிடைக்கவில்லை, கடையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையில் ஒரு சாவியை வைத்தார்.

“உங்க மாப்பிள்ளை நேத்தே வந்து அட்வான்ஸ் கட்டிட்டாரே. ஒரு வருஷ வாடகையும் சேர்த்து. நீங்க தினம் வந்து பார்த்துட்டுப் போறதை யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லலையா? ஆச்சரியப்படுத்தணும்னு இருந்திருப்பார் போல.”

ஒப்பந்தத்தையும் காட்டினார். மாப்பிள்ளை பெயரில் இருந்தது. கீழே அவருடைய கோணல்மாணலான கையெழுத்து. பக்கத்துக் கடைச்சுவரில் சாய்த்து வைத்துப் பெயின்டர் அதற்குள் பெயர்ப்பலகை எழுத ஆரம்பித்திருந்தார், அதிலும் அவர் பெயர்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்றுகொண்டு, “எப்படி மச்சான்?” என்று புருவத்தைத் தூக்கினார். குழந்தைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தவர் மாதிரி நின்றார். நான் “ரொம்ப நன்றி மாப்ள” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்தப் பட்டறையில் நான் இன்னும் இருபத்து மூன்று வருடம் வேலை பார்க்கலாம், அங்கேயும் எனக்குச் சம்பளம் இருக்காது. அப்போதுதான் அந்த அடித்தண்ணீர் ஞாபகம் வந்தது.

உடைக்கும் நாள் காலை பத்து மணிக்குப் படகை அதன் சொந்த இன்ஜினிலேயே உடைப்புத் தளத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரே முயற்சியில் கிளம்பியது. மாப்பிள்ளை, நான், ஐஸ்காரர் மூன்று பேர்தான். ஐஸ்காரருக்கு அங்கே வேலை இல்லை, கடைசியாக ஒருமுறை படகில் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். தளத்தில் உங்கள் ஆய்வாளர் ஏறினார். இன்ஜின் எண்ணைப் பார்த்தார். பிறகு படகு எண் எங்கே என்று கேட்டார். அது மீன் அறையின் உட்சுவரில் பொறிக்கப்பட்டிருந்தது. அதைப் படம் எடுக்க வேண்டும் என்பது விதிமுறைப் புத்தகம், பதினேழாம் பக்கம். ஆய்வாளர் புதுச் செருப்புப் போட்டிருந்தார். மாப்பிள்ளை, “நீங்க இருங்க சார், நான் எடுத்துட்டு வரேன்” என்று கைபேசியை வாங்கிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் முன்பே மூடியைத் திறந்து, விசிறியை இழுத்து வந்து பக்கத்தில் வைத்திருந்தேன். குழாயும் உள்ளே தொங்கியது. ஓட்டத்தான் இல்லை. இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

“காத்து ஏறியாச்சா மச்சான்?”

“ஏறியாச்சு.”

அவர் என் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. நாலு படி இறங்கினார், ஐந்தாவது படியில் கை நழுவியது. கீழே விழுந்த சத்தம் அவ்வளவு பெரியதாக இல்லை.

ஐஸ்காரர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“டிரைவரே, காத்து ஏறியாச்சுன்னு சொன்னீங்கல்ல?”

இங்கே நான் யோசித்தேன். ஒரு கணம்தான், ஆனாலும் யோசித்தேன். ஏறவில்லை என்று சொன்னால், முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்ற கேள்வி வரும். ஒருமுறை சொன்னதை ஆய்வாளர் முன்னால் மாற்றிச் சொல்வது நன்றாக இருக்காது.

“ஏறியாச்சு. மயக்கம் போல இருக்கு” என்றேன்.

அவர் இறங்கினார். மாப்பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார், இடுப்பளவு தூக்கியும் விட்டார். பிறகு அவர் மேலேயே சாய்ந்தார். பதினெட்டு வருடம் அந்த அறையில் ஐஸ் உடைத்த மனிதர். அவரோடு எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அவர் மனைவியின் விண்ணப்பங்களை எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன், கூலி வாங்காமல்.

ஆய்வாளர் பதறிப்போய் ஏணியில் கால் வைத்தார். அவர் தோளைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவன் நான். அவருக்கும் எனக்கும் ஒரு விரோதமும் இல்லையே. அதற்கு நன்றியாக அவர் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘உரிமையாளரின் குடும்ப உறுப்பினரான இன்ஜின் ஓட்டுநரின் சமயோசிதத்தால் மூன்றாவது உயிர் காப்பாற்றப்பட்டது.’ அங்கேயும் குடும்ப உறுப்பினர். அந்த வரியைப் படித்தபோது வந்த எரிச்சலை என்னால் விவரிக்க முடியவில்லை.

விபத்து என்று முடித்தார்கள். படகை மறுவாரம் உடைத்தார்கள். இழப்பீடு தங்கை பெயருக்கு வந்தது. வந்த அன்றே அவள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “பாதி உனக்குண்ணே. அவர் இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பார். உனக்கு இல்லாததா?” என்றாள். அவர் குரல் அப்படியே அவள் வாயிலிருந்து வந்தது. வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். அவள் அழுதாள். எனக்கு வேண்டியது அவர்கள் கொடுப்பது அல்ல என்பதை இவ்வளவு எழுதிய பிறகு நீங்களாவது புரிந்துகொள்வீர்கள்.

இப்போது ஆதாரம். அன்று, ‘கூலி’ என்று எழுதப்பட்டவர் மாப்பிள்ளைக்காக உள்ளே இறங்கினார். ‘சொந்தம்’ என்று எழுதப்பட்ட நான் மூடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் பத்தி மாறிவிட்டது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? என் தங்கையின் கணவரை நான் கொன்றேன். மூன்று நாள் யோசித்து, ஒரே ஒரு சொல் சொல்லிக் கொன்றேன். அதே சொல்லை இன்னொரு முறை சொல்லி ஐஸ்காரரையும் கொன்றேன். குடும்பத்தைச் சேர்ந்தவன் இப்படிச் செய்வானா என்று நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே என் பெயருக்கு நேராக உள்ள ‘சொந்தம்’ என்பதை அடித்துக் ‘கூலி’ என்று திருத்தி, எனக்குரிய நிவாரணத்தை வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதிலைப் பதிவுத் தபாலில் என் தங்கை வீட்டு முகவரிக்கே அனுப்பவும். இதன் பிறகு நான் அங்கே இருப்பேனா என்று தெரியவில்லை. பரவாயில்லை, என் பெயருக்கு வருவதை அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பாள். தபால்காரர் உறவு என்ன என்று கேட்டால் சொந்தத் தங்கை என்று சொல்வாள், அவர் கொடுத்துவிடுவார்.